ஊரறியச் சொன்ன யோசனை

ஒரு தொழிலின் நுணுக்கம் அறிந்தவர், தம்மிடம் வந்து கேட்ட ஒருவருக்கு அதைத் தனியே எடுத்துச் சொல்வதற்கும், அதையே சபையில் எழுந்து நின்றோ தொழிற் பத்திரிகையில் எழுதியோ ஊரறியச் சொல்வதற்கும் உள்ள பேதத்தை நாம் போதுமான அளவு சிந்தித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. தனியே சொன்னவர் கேட்டவரின் முகத்தை அறிவார். அவருடைய தொழிற்சாலைக் கிணற்றுத் தண்ணீர் எத்தகையது, தோலைச் சுழற்றும் ட்ரம் எத்தனை பழையது, வேலையாட்கள் எவ்வளவு பழகியவர்கள் என்பதையும் ஒருவாறு அறிவார். மறுநாள் விடியற்காலையில் சரக்கு கெட்டுவிட்டது என்று ஆள் ஓடிவந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு நேரில் போய்த் தோலைத் தொட்டுப் பார்த்து, செய்த பிழைக்குப் பரிகாரம் சொல்லவும் அவருக்கு வாய்ப்புண்டு. ஊரறியச் சொன்னவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அவர் சொன்ன வார்த்தை அவரை விட்டுப் பிரிந்து, அவர் கால் வைக்காத ஊர்களுக்குப் போய், அவர் பெயர்கூடக் கேட்டிராத மனிதர்களின் கையில் அகப்பட்டு, அவரே அதை மறந்துபோன பிறகும் காரியம் செய்துகொண்டிருக்கிறது. அந்தக் காரியத்தின் நன்மை தீமைகளுக்கு அவர் எதுவரை பொறுப்பாளி என்பதே நான் இங்கு விசாரிக்க விரும்பும் விஷயம்.

ராணிப்பேட்டையைக் காட்டிலும் இந்த விசாரணைக்குப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் வேறு இருக்க முடியாது. பாலாற்றுப் படுகையில் ராணிப்பேட்டையில் தொடங்கி மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீண்டு செல்லும் இந்தத் தோல் சீமையில் எத்தனையோ குடும்பங்கள் ஒரே தொழிலை நம்பி வாழ்கின்றன. அந்தத் தொழிலோ, புத்தகத்தில் படித்ததைவிட மனிதர் வாயிலாகக் கேட்டதைக் கொண்டே பெரும்பாலும் நடந்துவந்திருக்கிறது. ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோல் பதனிட்ட காலத்தில் அந்த வித்தை தகப்பனிடமிருந்து பிள்ளைக்கும், மேஸ்திரியிடமிருந்து அவர் பக்கத்தில் நின்ற பையனுக்கும் போயிற்று. பின்னால் குரோம் உப்பால் பதனிடும் முறை வந்த காலத்தில் மாஸ்டர் என்றொருவர் தோன்றினார். அவர் மருந்துகளை எடைபோடும்போது மற்றவர்களை அருகில் விடமாட்டார் என்றும், ரெசிபி எழுதிய நோட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருப்பார் என்றும் முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ரகசியத்தால் தொழிலுக்கு விளைந்த தீங்கு பெரிது. மாஸ்டர் வேறு தொழிற்சாலைக்குப் போய்விட்டால் இருந்த அறிவும் அவரோடு போய்விடும். அவர் செய்த பிழையைச் சுட்டிக்காட்டவும் எவருக்கும் வழியில்லை. ஆகையால் தொழிலறிவைப் பகிரங்கப்படுத்தியவர்களைக் குறை கூறுவதற்காக நான் எழுதவில்லை. அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் தீர்க்கக்கூடியதன்று.

அந்தக் கடனின் வரலாறு சுவையானது. அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் என்பவர் குரோம் பதனிடும் முறைக்கு 1884ல் காப்புரிமை பெற்றார். மார்ட்டின் டென்னிஸ் அதைவிட எளிய முறையை 1893ல் கண்டார். சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்பிரெட் சாட்டர்டன் குரோம் பரிசோதனைகளை 1903ல் தொடங்கினார். கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலையின் தோற்பைக்குப் பட்டை கொண்டு பதனிட்ட தோல் தண்ணீரிலே ஊறி ஊறிச் சீக்கிரம் கெட்டுவிடுவதைக் கண்டு, குரோம் தோலைக் குடியானவனுக்குப் பயன்படச் செய்யலாம் என்று அவர் எண்ணினார். அவர் வெறும் உபதேசத்தோடு நிற்கவில்லை. அரசாங்கத்தின் செலவில் தொழிற்சாலையே வைத்து நடத்தினார். இது ஐரோப்பிய வியாபாரிகளுக்குப் பிடிக்கவில்லை. இந்தியா மந்திரியாக இருந்த மார்லி பிரபு 1910ல், அரசாங்கம் தொழில் நடத்துவது தகாது, ஜனங்களுக்குப் புதிய முறைகளைப் போதிப்பதோடு நிற்கவேண்டும் என்று உத்தரவிட்டார். இந்த உத்தரவை நம் தொழில் வரலாற்றை எழுதுகிறவர்கள் சுதேசித் தொழிலுக்கு நேர்ந்த இடையூறாகவே கண்டிக்கிறார்கள்; அது நியாயமே. ஆனால் அதில் மற்றொரு விஷயமும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தாமே தொழிற்சாலை நடத்திக்கொண்டு யோசனை சொல்லுகிறவருக்கு, யோசனை தவறானால் தம்முடைய சரக்கே முதலில் கெடும். யோசனை சொல்வதை மட்டுமே வேலையாகக் கொண்டவருக்கு எதுவும் கெடுவதில்லை. போதனையையும் நஷ்டத்தையும் அன்று பிரித்தார்கள். இன்றுவரை அவை பிரிந்தே நிற்கின்றன.

சுதந்திரத்துக்குப் பின் 1948ல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியதும், அதன் இயக்குநராக விளங்கிய யலவர்த்தி நாயுடம்மா அவர்கள் விஞ்ஞானிகளையும் தொழிலதிபர்களையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்துப் பேசச் செய்ததும் இந்தத் தொழிலின் பாக்கியம். ஆண்டுதோறும் அங்கே நடைபெறும் தோல் ஆராய்ச்சி – தொழில் சந்திப்பில் படிக்கப்படும் கட்டுரைகளும், தொழிற் பத்திரிகைகளின் கேள்வி பதில்களும், மருந்துக் கம்பெனிகளின் டெக்னீஷியன்கள் கொடுத்துவிட்டுப் போகும் ரெசிபித் தாள்களும் ராணிப்பேட்டையின் சிறிய தொழிற்சாலை வரையில் வந்து சேர்கின்றன. 1970களில், அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை அரசாங்கம் கட்டுப்படுத்திய பிறகு, பட்டையை நம்பியிருந்தவர்கள் பலர் சில ஆண்டுகளிலேயே குரோமுக்கு மாறவேண்டி வந்தது. அவ்வளவு பேர் அவ்வளவு விரைவில் ஒரு புதிய சாஸ்திரத்தைக் கற்றுக்கொள்ள முடிந்ததென்றால், பகிரங்கமாகச் சொல்லப்பட்ட யோசனைகளே அதற்கு முக்கிய காரணம்.

இனி, அந்த யோசனை ஒன்று ட்ரம்முக்குள் போகும்போது என்ன நேர்கிறது என்பதை அருகில் நின்று பார்ப்போம். குரோம் எட்டு சதவீதம் போடவும் என்று ஒரு தாள் சொல்கிறது. எதில் எட்டு சதவீதம்? உப்புப் போட்டு வந்த பச்சைத் தோலின் எடையிலா, சுண்ணாம்பிலிருந்து எடுத்துச் சதை நீக்கிய, பெல்ட் என்னும் தோலின் எடையிலா? குரோம் ஏறி நீலமாகிய ஈரத் தோலான வெட் புளூவைச் சீவிய பிறகு சாயத்துக்கும் எண்ணெய்க்கும் கணக்கிடும்போது, சீவிய தோலின் எடையே ஆதாரம். அது பெல்ட்டின் எடையைவிட மிகவும் குறைவு. எழுதினவருக்கு இது சொல்லாமலே விளங்கும். ஆகையினால்தான் அவர் சொல்லாமல் விடுகிறார். உப்பை முதலில் போடவும், பிறகு அமிலம் ஊற்றவும் என்ற வரிசையும் அப்படியே. குரோமுக்கு முன் தோலை ஊறவைக்கும் பிக்கிள் என்னும் உப்பு அமிலத் தண்ணீரில் உப்பு, அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் ஆறு பாகைக்குக் குறையாமல் ஏறிய பின்பே, பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து ஆறவைத்த கந்தக அமிலத்தைச் சிறிது சிறிதாக விடவேண்டும். உப்புப் போதாமல் அமிலம் போனால் தோல் புடைத்துப் போகும். அப்படிப் புடைத்த தோல் பிறகு எந்தப் பக்குவத்துக்கும் முழுதாக வசப்படாது. தேர்ந்த மாஸ்டர் தாளை நம்பமாட்டார். தோலின் தடித்த இடத்தில் கத்தியால் ஒரு துண்டு நறுக்கி, வெட்டுவாயில் பச்சைச் சாய நிறங்காட்டி ஒரு சொட்டு விட்டு, ஓரத்திலிருந்து நடு வரைக்கும் அமிலம் ஏறி மஞ்சளாக நிற்கிறதா என்று பார்ப்பார். நடுவில் நீல ரேகை தெரிந்தால் இன்னும் ட்ரம் ஓடட்டும் என்பார். இரண்டு மணி நேரம் ஓட்டவும் என்று தாளில் எழுதியிருப்பதைவிட அந்தச் சொட்டின் நிறமே அவருக்குப் பிரமாணம். இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ குளிர்ந்த தண்ணீரை வைத்து எழுதின நேரக் கணக்கு, சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீரே சுடுகிற ராணிப்பேட்டையில் அப்படியே செல்லாது. நொதி போட்டு மிருதுவாக்கும் கட்டத்தில் சற்று அதிகமாக விட்டாலும் தோலின் மேற்பரப்பே நைந்துவிடும்.

இவையெல்லாம் சரக்கு நஷ்டம். சரக்கு நஷ்டத்துக்குக் கணக்குண்டு. அடுத்த ஆர்டரில் ஈடு செய்துகொள்ளலாம். ஈடு செய்ய முடியாத நஷ்டம் ஒன்று உண்டு. மயிர் நீக்குவதற்குச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவு நீரும் பிக்கிளின் அமிலக் கழிவு நீரும் ஒரே கால்வாயிலோ ஒரே தொட்டியிலோ கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டையின் நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு ஆனதும் சில நிமிஷங்களில் மூக்கின் உணர்ச்சியே மரத்துப்போய் நாற்றம் நின்றுவிடும். நாற்றம் நின்றுவிட்டதே என்று இறங்குகிறவன் அதற்கு மேலும் வாயு மிகுந்திருந்தால் இரண்டொரு மூச்சில் விழுந்துவிடுவான். காற்றைவிடக் கனமான வாயுவாகையால் அது தொட்டியின் அடியிலேயே தங்கும். விழுந்தவனைத் தூக்கப் போகிறவனும், அவனைத் தூக்கப் போகிற மூன்றாமவனும் ஒருவர்பின் ஒருவராக மாண்டுபோகும் செய்தியை இந்தச் சீமையின் பத்திரிகைகளில் நாம் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறோம்.

இந்த இடத்தில்தான் பொறுப்பைப் பற்றிய வழக்கமான தர்க்கம் தடுமாறுகிறது. யோசனையைப் படித்தவன் விவேகமுள்ளவனாக இருக்கவேண்டாமா, அவன் பரிசீலித்தல்லவா செய்யவேண்டும் என்று சொல்கிறார்கள். வாஸ்தவம். ஆனால் படித்தவர் டெக்னீஷியன், உத்தரவிட்டவர் முதலாளி, தொட்டியில் இறங்கியவனோ அந்தத் தாளைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவன் பெரும்பாலும் ஊருக்குப் புறம்பே வாழ்ந்து, தலைமுறை தலைமுறையாக இந்த வேலைக்கென்றே ஒதுக்கப்பட்ட ஜாதியைச் சேர்ந்தவனாக இருப்பான். அல்லது ரயிலேறி வந்த வங்காளத்து இளைஞனாக இருப்பான். சொன்னவருக்கும் கேட்டவருக்கும் இடையேயுள்ள உறவை மட்டுமே எடைபோட்டுப் பார்க்கும் நியாயம், இந்த மூன்றாம் மனிதனைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. சல்பைடின் அளவை எழுதத் தெரிந்தவர், அந்தத் தண்ணீரை அமிலத் தண்ணீரோடு கலக்கக்கூடாது என்ற ஒரு வரியையும் எழுதாமல் விட்டால், அதைச் சிறு மறதி என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் படுத்துறங்கிய பத்துப் பேர் அந்தக் கசட்டில் மூழ்கி இறந்தார்கள். ஒன்பது பேர் மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள். இன்ன ரெசிபியால் நேர்ந்த சாவு என்று இதைச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்வது என் நோக்கமும் அன்று. ஆனால் அந்தக் கசடு எங்கிருந்து வந்தது? தோலை எப்படிப் பதனிடுவது என்று விஸ்தாரமாகச் சொல்லிக்கொடுத்த ஒரு நூற்றாண்டுக் காலத்தில், பதனிட்ட பிறகு மிஞ்சுவதை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுப்பதற்கு அதில் பத்தில் ஒரு பங்கு சிரத்தைகூடக் காட்டப்படவில்லை. இதே ஊரில் 1975ல் தொடங்கி இருபது ஆண்டுகளில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச் சென்ற கழிவு, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல், வெட்டவெளியில் மலைபோல் கிடந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது.

தோல் தொழிற்சாலைகளின் கழிவால் நேர்ந்த மாசுக்கு எதிராக வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ல் அளித்த தீர்ப்பு உலகமெங்கும் எடுத்தாளப்படுகிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற நியாயத்தை நீதிபதி குல்தீப் சிங் அதில் நிலைநாட்டினார். தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தார். நஷ்டத்தை நிர்ணயிக்க ஓர் ஆணையம் ஏற்படச் செய்தார். அந்த ஆணையம் 547 தொழிற்சாலைகளைப் பொறுப்பாக்கி, 29,193 பேருக்கு ஏறத்தாழ 26 கோடியே 82 லட்சம் ரூபாய் தரவேண்டுமென்று 2001ல் தீர்மானித்தது. கூண்டில் நின்றவர்கள் தொழிலதிபர்கள். அவர்கள் கையாண்ட பதனிடும் முறைகளைப் புகழ்ந்து சொன்ன மேடைகளையும் தாள்களையும் எவரும் அழைத்து விசாரிக்கவில்லை. சட்டப்படி அழைக்கவும் முடியாது. என்றாலும் அந்தத் தீர்ப்பின் மற்றோர் அம்சம் என் மனத்தை விட்டு அகலவில்லை. தம் செயலால் தீங்கில்லை என்று நிரூபிக்கும் பாரம் செய்கிறவரையே சாரும், பாதிக்கப்பட்டவரை அன்று, என்று நீதிமன்றம் சொன்னது. யோசனை சொல்வதும் ஒரு செயலே. பகிரங்கமாகச் சொல்லும் யோசனைக்கும் இந்தப் பாரத்தைச் சொன்னவர் தாமாகவே ஏற்றுக்கொள்வதுதான் தர்மம் என்று நான் கருதுகிறேன்.

சட்டம் அவ்வளவு தூரம் போவதில்லை. அமெரிக்காவில் காளான்களைப் பற்றிய ஒரு கலைக்களஞ்சியத்தை நம்பி, காட்டில் பறித்த காளானைத் தின்ற இருவர் ஈரல் மாற்று சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது; அவர்கள் தொடுத்த வழக்கில், புத்தகத்திலுள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆராய்ந்து சரிபார்க்கும் கடமை பிரசுரகர்த்தருக்கு இல்லை என்று 1991ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் வழக்கு வரும் என்றால், அறிந்தவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். மாஸ்டரின் நோட்டு மறுபடியும் சட்டைப் பைக்குள் போய்விடும். அறியாத சிறு தொழிலாளி முன்னைக் காட்டிலும் இருட்டில் நிற்பான். நீதிமன்றம் ஒருவரைத் தண்டிக்காமல் விட்டதனால் அவருக்குக் கடமையே இல்லை என்று ஆகிவிடாது என்பது மாத்திரமே என் வாதம். "இதில் உள்ள கருத்துகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிடுகிறார்களே, அந்த வாக்கியம் சொன்னவரைக் காப்பாற்றும், செய்கிறவனைக் காப்பாற்றாது. செய்கிறவனைக் காப்பாற்றும் வாக்கியம், ரெசிபியின் நடுவிலே, அமிலம் என்ற சொல்லுக்குப் பக்கத்திலே இருக்கவேண்டும்.

தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சபையில் சொல்வது கௌரவக் குறைவு என்ற எண்ணம் நம்மவரிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதுவும் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. ஆட்டுத் தோலில் செய்து பார்த்ததை மாட்டுத் தோலுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் ஐந்து கிலோவில் வெற்றி பெற்றதை மூன்று டன் ட்ரம்முக்குச் சிபாரிசு செய்துவிடுகிறார்கள். மருந்து விற்கும் கம்பெனியின் சம்பளத்தில் இருந்துகொண்டு, நடுநிலையாளரின் குரலில் அந்த மருந்தையே புகழ்கிறார்கள். இந்த மூன்றாவதை நான் மற்றவற்றைவிடக் கடுமையாகவே கண்டிப்பேன்; யோசனை சொல்கிறவருக்கு அதில் லாபம் உண்டென்றால், அதை முதல் வரியிலேயே தெரிவித்துவிடுவதுதான் யோக்கியம்.

சொன்ன அன்று சரியாக இருந்த யோசனை பின்னால் தவறாகிப்போவதும் உண்டு. தோலில் பூஞ்சை பிடிக்காதிருக்கப் பென்டாகுளோரோபீனால் போடுவது ஒரு காலத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்ட வழக்கம். ஜெர்மனி 1989 டிசம்பரில் அதைத் தடைசெய்தபோது நம்முடைய ஏற்றுமதி திகைத்து நின்றது. அந்தத் திகைப்பு அடங்குமுன் சில அசோ சாயங்களுக்கும் 1994ல் அங்கே தடை வந்தது. 2015 மே முதல் ஐரோப்பிய யூனியனில், உடம்பில் படும் தோல் பொருளில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு மூன்று மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. அந்தக் கொடிய வடிவம் குரோம் பவுடரில் இருந்து வருவதாகவே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், சரியாகப் பதனிட்ட தோலிலும், தோலை மிருதுவாக்கப் போட்ட சிலவகை மீன் எண்ணெய்களாலும், காரம் மிகுந்துபோவதாலும், சூட்டாலும் பின்னர் அது உண்டாகக்கூடும். மீன் எண்ணெய் போட்டால் கைக்குப் பஞ்சுபோல் இருக்கும் என்று முப்பது வருஷங்களுக்கு முன் எழுதின பெரியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழைய இதழைப் பைண்டு செய்து அலமாரியில் வைத்திருக்கும் தொழிற்சாலையில், புதிதாக வேலைக்கு வந்த ஒரு பிள்ளை அதை எடுத்துப் படிக்கும்போது, அந்த வார்த்தை இன்று பிறந்ததுபோலவே அவனிடம் பேசுகிறது. அதை மாற்றிச் சொல்ல யாரும் வரவில்லை. எழுதினவர் ஓய்வுபெற்றுவிட்டார், பத்திரிகை அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

ஆகையால் அடையாற்றில் ஆண்டுதோறும் கூடும் அந்தச் சந்திப்பை நடத்துகிறவர்களுக்கும், தொழிற் பத்திரிகைகளின் ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். புதிய முறைகளைப் பற்றிப் பேச எத்தனையோ அமர்வுகள் வைக்கிறீர்கள். திரும்பப் பெறவேண்டிய பழைய யோசனைகளுக்கென்று ஒரே ஓர் அமர்வு ஒதுக்குங்கள். இன்ன ஆண்டில், இன்ன இடத்தில், இன்னார் சொன்ன இந்த முறையை இன்ன காரணத்தால் இனிக் கைக்கொள்ளவேண்டாம் என்று பெயரோடும் தேதியோடும் வாசித்து, அதைத் தமிழிலும் உருதுவிலும் வங்காளியிலும் அச்சிட்டு, ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் ட்ரம் ஓடும் ஒவ்வொரு கொட்டகைக்கும் அனுப்புங்கள். யோசனை சொன்ன பெரியவர்கள் உயிரோடிருந்தால் அவர்களையே மேடைக்கு அழைத்து, அவர்கள் வாயாலேயே அதைச் சொல்லச் செய்யுங்கள்.